எழாத கோழியும் புழுங்கலரிசியும்

உலு யாம் பக்கம் செம்பனைக் காட்டை ஒட்டிய ஒரு வீட்டிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: நான்கு நாளாகக் கோழி எழவில்லை. கால்களை மடக்கி உட்கார்ந்தே கிடக்கிறது. தூக்கினால் கனமே இல்லை, நெஞ்செலும்பு கையைக் குத்துகிறது. வாட்ஸ்அப்பில் வந்த யோசனைப்படி ‘பி’ வைட்டமின் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றினால் மறுநாளே நடக்குமா?

ஊற்ற வேண்டாம் என்பது முதல் பதில். கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குப் போனால் கால் நோயோடு சளிக்காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தால் அதுவே விழுங்கும். கொடுத்தால் நடக்குமா என்பது வேறு கேள்வி. சில சமயம் நடக்கும், அதுவும் மறுநாள்வரை காத்திராமல் சில மணி நேரத்திலேயே. பல சமயம் எதுவுமே நடக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது அந்தச் ‘சில சமயம்’ மட்டும்தான்.

எப்போது நடக்கும்? அந்தக் கோழிக்குக் குறைந்தது தயமின், அதாவது வைட்டமின் பி1, என்றால்.

கூண்டில் அடைபட்டு வெள்ளை அரிசிச் சோற்றை மட்டும் தின்று வாழும் வளர்ந்த கோழிக்கு ஏறத்தாழ மூன்று வாரத்தில் இது தெரியத் தொடங்கும். முதலில் பசி போகும். பிறகு எடை இறங்கும். அடுத்து கால்விரல் தசைகள் தளரும். தளர்ச்சி கால் வழியாக மேலேறிச் சிறகையும் கழுத்தையும் பிடிக்கும். கடைசியில் தலை முதுகுப் பக்கம் வளைந்து, கோழி வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். மெலிவும் முடமும் தனித்தனி நோய் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கோழி பட்டினி கிடக்கவில்லை. இரைப்பையில் சோறு இருக்கிறது, இரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது. பட்டினி கிடப்பது நரம்பு.

இதை ரப்பர் காலத்துத் தோட்டத்தை வைத்துப் பார்க்கலாம். பால்காட்டில் மரம் சீவி, மங்கிலிருந்து வாளிக்குப் பால் சேர்வது, செல்லுக்குள் குளுக்கோஸ் உடைந்து பைருவேட் ஆவது. இதற்குத் தயமின் தேவையில்லை. வாளிகள் பால் கொட்டகை வாசலுக்கு வந்து சேர்கின்றன. அங்கே நிறுத்து, எழுதி, உள்ளே அனுப்பும் கிராணியார்தான் தயமின். அவர் கையெழுத்தில்லாமல் பைருவேட் மைட்டோகாண்ட்ரியா என்ற ஆலைக்குள் எரிபொருளாகப் போக முடியாது. உள்ளேயும் இன்னொரு மேசையில் அதே கிராணியாரின் கையெழுத்து வேண்டும். அவர் வரவில்லையென்றால்? வாளிகள் வாசலிலேயே நிற்கும், பால் புளித்துக் கட்டியாகும். செல்லிலும் அப்படித்தான், பைருவேட் தேங்கி லாக்டிக் அமிலமாகிறது. இந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் சோறு வைப்பது, கூடுதலாக நூறு பேரை மரம் சீவ அனுப்புவதற்குச் சமம். கிராணியாருக்கு ஒரு நல்ல குணம், நாளெல்லாம் எழுதினாலும் தேய்ந்து போகமாட்டார், வேலை முடிந்ததும் அப்படியே அடுத்த வாளிக்குத் திரும்புவார். ஒரு கெட்ட குணமும் உண்டு. உடல் அவரைச் சேமித்து வைப்பதில்லை. மனித உடலிலேயே மொத்தம் 30 மில்லிகிராம் அளவில்தான் தயமின் இருக்கிறது, உணவில் வராவிட்டால் சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

நரம்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடி? தசை கொழுப்பை எரித்தும் சமாளிக்கும். நரம்பு மண்டலம் பெரும்பாலும் சர்க்கரையை நம்பியிருக்கிறது. அதிலும் கால்விரல்வரை ஓடும் நரம்பிழைதான் உடலில் மிக நீளமானது. அதன் கடைக்கோடிக்குச் சரக்கு அனுப்புவதற்கே ஆற்றல் வேண்டும். தட்டுப்பாடு வந்தால் கோடியில் உள்ள விரல்தான் முதலில் அறியும். 1930களில் ஆக்ஸ்போர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். தயமின் இல்லாத புறாவின் மூளைத் திசுவைக் கண்ணாடிக் கலத்தில் வைத்தால் ஆக்சிஜனை மந்தமாகவே எடுத்தது. துளியளவு தயமின் சேர்த்ததும் மூச்சு திரும்பியது. செல் சாகவில்லை, வேலைதான் நின்றிருந்தது. அதனால்தான் அந்தச் சில மணி நேர அற்புதம் சாத்தியமாகிறது.

வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் கடிதம் வரும் என்பதால் ஒரு பத்தி. படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மானின் ஆய்வுக்கூடக் கோழிகள் முடமாயின. அவை தின்றது இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவ அரிசி ஊர்க் கோழிக்குக் கிடையாது என்று மறுத்தார், கோழிகள் தேறின. ஐக்மான் அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும் தவிட்டில் அதற்கு மாற்று இருப்பதாகவும் நினைத்தார். இருப்பது நஞ்சல்ல, இல்லாதது ஒரு சத்து என்று 1901இல் சரியாகச் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ். 1929இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஐக்மான் இருந்தார், கிரைன்ஸ் இல்லை. சமையற்காரரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மலாயாவில் நடந்தது இதைவிட நமக்கு நெருக்கம். மனிதரில் பெரிபெரி எனப்படும் அதே நோய் அப்போது ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. அதே வெயிலில் வேலை செய்த தோட்டத் தமிழர்களை அது அநேகமாகத் தொடவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் வேறுபாட்டை அரிசியில் பார்த்தார். சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி. அடுத்து ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒற்றைப்படை எண்காரருக்கு ஒரு அரிசி, இரட்டைப்படைக்கு மற்றொன்று என்று பிரித்தார். 1907இல் வந்த அவரது அறிக்கையில் பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர், புழுங்கல் பக்கம் ஒருவரும் இல்லை. இன்று நினைத்தால் வயிற்றைப் பிசையும் சோதனை. கோலாலம்பூரில் 1900இலேயே தொடங்கப்பட்டிருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் பின்னர் மறுபடி கோழிகளிடமே திரும்பி வந்து, காக்கும் பொருள் தவிட்டில் இருப்பதைக் காட்டினார்கள்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளைப்பகுதியிலும் உள்ள தயமின் நீரோடு உள்ளே இறங்குகிறது. மாவுப்பகுதி வெந்து இறுகும்போது அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அப்புறம் ஆலை தவிட்டைச் சீவி எறிந்தாலும் கொஞ்சம் மிஞ்சும். தீட்டிய பச்சரிசியில் மிஞ்சுவது, தீட்டாத அரிசியில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. உடனே ‘முன்னோர் அறிந்த அறிவியல்’ என்று யாராவது மீசையை முறுக்குவார்கள். முன்னோர் நெல்லை அவித்தது உமி எளிதாகக் கழலவும், அரிசி நொறுங்காமல் இருக்கவும். மேலும், கையால் குத்திய பச்சரிசியை உண்ட கம்போங் மலாய்க்காரர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். குற்றவாளி பச்சரிசி அல்ல, நீராவி ஆலை.

வாசகரின் கோழிக்கு வருவோம். அது கூண்டில் இருந்து மிச்சச் சோறு மட்டும் தின்றதா, அல்லது செம்பனை அடியில் கறையானும் புல்லும் கொத்தித் திரிந்ததா? திரிந்த கோழி என்றால் தயமின் குறைய வாய்ப்புக் குறைவு. ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீண்டு கிடந்தால் மாரெக் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அது வைரஸ், மருந்து கிடையாது. பொரிப்பகத்தில் ஒரு நாள் குஞ்சுக்கே தடுப்பூசி போடுகிறார்கள், வீட்டில் தாய்க்கோழி பொரித்த குஞ்சுக்கு யார் போடுவது? கழுத்து துவண்டு தரையில் கிடந்தால் அழுகியதையோ புழுவையோ தின்று வந்த நச்சாக இருக்கலாம். முட்டைப் பண்ணையிலிருந்து கழித்து விற்கும் ‘ஆயாம் பென்சென்’ என்றால் எலும்பில் சுண்ணாம்புச் சத்தே தீர்ந்திருக்கும். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் அது சுமார் 2 கிராம் கால்சியம் கொடுத்திருக்கிறது. பாதத்தின் அடியில் கறுத்த வீக்கம் இருக்கிறதா என்றும் திருப்பிப் பார்ப்பது நல்லது.

இரத்தக் கழிச்சலுக்குக் கடைகளில் விற்கும் ஆம்ப்ரோலியம் மருந்து வடிவத்தில் தயமினைப் போலவே இருக்கும். கிராணியாரை ஏற்றிவரும் லாரியில் முந்தி ஏறி இடம் பிடித்துக்கொள்ளும் ஆள் அது, கொட்டகைக்கு வந்தால் ஒரு வரி எழுதத் தெரியாது. கழிச்சல் கிருமி இப்படித்தான் பட்டினியில் சாகிறது. அளவு மீறினாலோ நாள் நீடித்தாலோ கோழிக்கும் அதே கதி. காலையில் அந்த மருந்தும் மாலையில் வைட்டமினும் கொடுத்துவிட்டு இரண்டுமே வேலை செய்யவில்லை என்று நொந்துகொள்பவர்கள் உண்டு.

ஆக, தயமினைச் சிகிச்சை என்பதைவிடச் சோதனை என்று எடுத்துக்கொள்ளலாம். விலை குறைவு, மிஞ்சினால் எச்சத்தோடு போய்விடும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு நேரடியாக வாய்வழி கொடுக்க வேண்டும். பசியே இல்லாத கோழியின் முன் தவிட்டைக் குவிப்பதில் பயனில்லை, தவிடு தேறிய பிறகு. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்பக்கத்து ஆலைத் தவிடு புதிதாக இருந்தால் நல்லது, சிக்கு வாடை வந்தால் வேண்டாம். அதுவரை உலர்ந்த, கதகதப்பான பெட்டி, எட்டும் உயரத்தில் தண்ணீர், நாளைக்குச் சில முறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தல், தினமும் சமையலறைத் தராசில் எடை.

இரண்டு நாளில் மாற்றமே இல்லையென்றால் அது தயமின் அல்ல. மாரெக் என்று மருத்துவர் சொன்னால், இறகுத் தூசியில் அந்த வைரஸ் பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், கூண்டைச் சுரண்டிக் கழுவாமல் அடுத்த குஞ்சுகளை இறக்கக் கூடாது. ஒன்றுக்குப் பதில் ஐந்தாறு கோழிகள் ஒரே வாரத்தில் விழுந்தால் வைட்டமின் பேச்சே வேண்டாம். 2007 ஜூனில் சுங்கை பூலோவை அடுத்த பாயா ஜாராஸ் கம்போங்கில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டதும் வீட்டுக் கோழிகளிடம்தான். செத்ததைக் கையால் தொடாமல் கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.