பொருநைக் கரையில் – 9: நடை சாத்திய பிறகு

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் தமிழ்க் குழுக்களின் பயணத் திட்டத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரே நாள்தான். விடிந்தால் நவதிருப்பதி எனும் ஒன்பது பெருமாள் கோயில்கள், இரவு திருச்செந்தூர். மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்திருந்த அப்படியொரு குழுவோடு நானும் வேனில் ஏறிக்கொண்டேன்.

கள்ளபிரான் கோயிலில் தொடக்கம். ஒன்பது நிலைக் கோபுரம். சித்திரை 6, ஐப்பசி 6 ஆகிய இரு நாட்களிலும் இளவெயில் நேரே பெருமாள் மீது படும் என்பதால் கொடிமரத்தைச் சற்று விலக்கி வைத்திருப்பதை அர்ச்சகர் காட்டினார். குழுவினர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் டிரைவர் தம்பியின் குரல் கேட்டது. "பன்னெண்டு மணிக்கு நடையைச் சாத்திருவாவ அக்கா, வெரசா வாங்க!"

அவரைக் குறை சொல்ல முடியாது. பொருநை ஆற்றுக்கு வடகரையில் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரண்டு கோயில்கள் கொண்ட இரட்டைத் திருப்பதி. தென்கரையில் ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை. மதியம் மூடினால் மாலையில்தான் திறப்பார்கள்.

திருப்புளியங்குடியில் மட்டும் எல்லோரும் நின்றுவிட்டார்கள். உள்ளே பள்ளிகொண்ட பெருமாளின் முகத்தைச் சேவித்துவிட்டு வெளிப்பிரகாரம் சுற்றி வந்தால், சுவரில் ஒரு ஜன்னல். அதன் வழியே திருவடி. அத்தனை நீளத் திருமேனி. வயதான ஓர் அம்மா கம்பியைப் பிடித்தபடி அந்த இடத்தை விட்டு நகரவேயில்லை. பின்னால் நின்றவர்களும் அவசரப்படுத்தவில்லை.

இரட்டைத் திருப்பதியோடு காலைப் பொழுது முடிந்தது. இனி மாலை வரை? சாப்பாடு, மண்டபத்தில் பாய் விரித்துத் தூக்கம். எல்லாக் குழுக்களுக்கும் இதுதான் வழக்கம். இந்த வழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். பாலம் தாண்டித் திருநெல்வேலி சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஆதிச்சநல்லூர். சாலையோரத்திலேயே பழங்கால இடுகாடான பரம்பு மேடு. 114 ஏக்கர்.

விருப்பப்பட்ட சிலரை அங்கே அழைத்துப் போனேன். அகழ்ந்த குழிகளை மூடிவிடாமல், மேலே கண்ணாடித் தளம் போட்டு, 2023 ஆகஸ்டில் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள், புதைத்த இடத்திலேயே. சிவந்த வயிறு, உடைந்த விளிம்பு, பக்கத்தில் சின்னச் சின்னக் கலயங்கள். ஜன்னலருகே நின்ற அதே அம்மா கேட்டார்: "இவங்கல்லாம் நம்ப ஆளுங்களா?"

வெளிநாட்டார் இந்த மேட்டைத் தேடி வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. பெர்லினைச் சேர்ந்த யாகோர் 1876-ல் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைத் தம் ஊர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் அகழ்ந்தார். மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலக் கலங்கள், இரும்பு வாள், ஈட்டி என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார். அவற்றில் பலவும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஜெர்மானியர் கப்பலேறி வந்து பார்த்த இடத்தை, இதே சாலையில் போகும் நம் வேன்கள் நிறுத்தாமல் கடந்து போவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வடகரையில் சிவகளை என்ற அகழாய்வு இடமும் இருக்கிறது. அங்கே தாழியில் கிடைத்த நெல்லுக்கு 3,200 ஆண்டு வயது. அங்கு கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஒரே நாளில் அதையும் சேர்த்தால் திணறிவிடுவோம். இன்னொரு முறை வருகிறவர்கள் பார்க்கட்டும்.

மாலையில் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் வீற்றிருந்த உறங்காப்புளி மரத்தின் முன் கைகூப்பி நின்றவர்களில், மதியம் தாழிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அர்ச்சகரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்கள். இந்த ஆற்றங்கரையில் எப்போதிருந்து ஊர் இருக்கிறது, யார் யார் வாழ்ந்தார்கள் என்று. காலையில் அப்படி யாரும் கேட்கவில்லை.

சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் வடகரையை முடியுங்கள். மதியம் ஆதிச்சநல்லூருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மாலையில் தென்கரைக் கோயில்களைச் சேவிக்கலாம். ஒரு கோயிலும் விடுபடாது. வெயில் கடுமையாக இருக்கும், மோரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளா என்று முன்னதாக விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.