இருபது நாள் என்று போட்ட கணக்கு

புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் கடந்த வாரம் என்னிடம் கேட்டார்: "தம்பி, மகன் வேலய உட்டுட்டு வீட்ல இருந்து கம்பியூட்டர்ல தனியா தொழில் செய்யப் போறாராம். சம்பளத்த விட ரெண்டு மடங்கு வருமாம். சரிவருமா?"

மகன் இணையத்தளம் வடிவமைப்பவர். 'ப்ரீலான்ஸ்' என்று இப்போது பலரும் சொல்லும் தொழில். சரிவரும் என்றோ வராது என்றோ நான் சொல்லவில்லை. என் சொந்தக் கணக்கைச் சொன்னேன்.

ஒரு கொம்பனியில் 9 வருடங்கள் கணக்கு இலிகிதராக இருந்துவிட்டு 2017 மார்ச்சில் விலகினேன். கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய். சிறிய கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் திட்டம். ஒரு கடைக்கு இரண்டு நாள் வேலை, 8,000 ரூபாய் கூலி. பத்துக் கடை பிடித்தால் 20 நாளில் 80,000. இதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மனைவியிடம் காட்டினேன். (அந்தக் கடதாசி இன்னும் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.)

முதலில் பிழைத்தது காலம். ஏப்ரலில் புதுவருட வியாபாரம். மே கடைசியில் நோன்பு தொடங்கியது, பிறகு பெருநாள் வியாபாரம். மூச்சுவிட நேரமில்லாத கடைக்காரரிடம் போய்க் கணக்கைப் பற்றிப் பேச முடியுமா? ஜூன் முடியும்போது கையில் மூன்று கடைகள். பணிக்கொடையாகக் கிடைத்த 270,000 ரூபாயில்தான் வீடு ஓடியது.

அடுத்தது, இரண்டு நாள் என்பது இரண்டு நாளாக இருக்கவில்லை. பில்கள் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். பாதி இருக்காது. முதலாளி வங்கிக்குப் போயிருப்பார், வரும்வரை வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுதுவதற்கு இரண்டு நாள்தான். அலைவதோடு சேர்த்தால் மூன்றரை நாள். புதிய கடை தேடி அலையும் நாட்களுக்கு யாரும் கூலி தருவதில்லை. மாதம் 25 நாள் உழைத்தேன், காசு கிடைத்தது 12 நாளுக்கு. அதாவது ஆறு கடைகள், 48,000 ரூபாய். பஸ், முச்சக்கரவண்டி, தொலைபேசி, கடதாசிக்கு 8,000 போக 40,000.

என் பழக்கமான இரும்புக்கடை நானா ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "நீங்க சாமான்ட கொள்விலையத்தான் பாத்தீங்க. கடை வாடக, லைட் பில், யாவாரமில்லாத நாள், அதெல்லாம் எங்க?"

அன்றிரவு திரும்பக் கணக்குப் பார்த்தேன். சம்பளம் 60,000. அதற்கு மேல் கொம்பனி எனக்காகக் கட்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம், இரண்டும் 9,000. செலவு 8,000. மொத்தம் 77,000. இதை 20 ஆல் அல்ல, 12 ஆல் பிரிக்க வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 6,400. நான் கேட்டது 4,000!

அந்தக் காசும் நேரத்துக்கு வரவில்லை. "அடுத்த கிழம வாங்க" என்பார்கள், போனால் பின்திகதியிட்ட காசோலை தருவார்கள். நவம்பர் 30 வருமான வரி அறிக்கைக்குக் கடைசி நாள் என்பதால் அந்த மாதம் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். இரவு ஒரு மணிக்கு முன் படுத்ததில்லை. அந்த உழைப்பின் காசு முழுதாக வந்து சேர்ந்தது ஜனவரியில். இடையில், டிசம்பரில், பணிக்கொடையில் மிச்சம் 11,000 ரூபாய். வேலைக்கு விண்ணப்பம்கூட எழுதினேன். அனுப்பவில்லை.

2018 தொடக்கத்தில் கூலியைக் கடைக்கு 13,000 ஆக்கினேன். இரண்டு கடைகள் விலகின, ஒன்று மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. புதியவர்களிடம் பாதியை முற்பணமாகக் கேட்டேன். பலர் மறுக்காமல் தந்தார்கள். முன்னமே கேட்டிருக்கலாம்.

ஹாஜியாரின் மகனுக்கும் இதே கணக்குத்தான். ஃபைவர் போன்ற தளத்தில் 100 டொலர் வேலைக்குக் கையில் வருவது 80, தளம் 20 வீதம் எடுத்துக்கொள்ளும். வேலை தேடும் நேரத்துக்கும், வாடிக்கையாளர் சொல்லும் திருத்தங்களுக்கும் பெரும்பாலும் தனிக்காசு இல்லை. ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். அதுவரை வேலையை விடாமல் இரவில் செய்து பார்க்கட்டும், எத்தனை மணித்தியாலத்துக்கு எவ்வளவு வந்தது என்று ஒரு கொப்பியில் எழுதட்டும் என்றேன்.

ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "உங்கட போன மாசக் காசு நான் இன்னம் தரல்ல, என்ன?" என்றார்.

"ரெண்டு மாசம், ஹாஜியார்" என்றேன்.