திரையில் கண்ட வீடும் தரையில் நிற்கும் வீடும்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று ஸ்ரீ சிட்டித் தமிழ்க் குடும்பத்தார் கேட்டால், "செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துட்டு வாங்க" என்பேன். காரணம் உண்டு.

ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', சொத்து ஆண் வாரிசுக்குப் போக, தாயும் பெண்களும் வீட்டை விட்டு வெளியேறும் கதை. 1995-இல் ஆங்கிலப் படமானபோது டெவன் பகுதியின் சால்ட்ரம் மாளிகை அந்த வீடாயிற்று. அதே கதையைத் தழுவி ராஜீவ் மேனன் 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' எடுத்தார். செட்டிநாட்டு வீடு அவ்விடத்தைப் பிடித்தது.

கதை ஒன்று, வீடுகளின் கதி வேறு. சால்ட்ரமை, 1895-இல் தோன்றிய நேஷனல் டிரஸ்ட் காக்கிறது. பார்வையாளர் கட்டணமும் உறுப்பினர் சந்தாவும் பராமரிப்புக்கு உதவுகின்றன. செட்டிநாட்டு வீடோ பங்காளிகள் சொத்து. வளவைச் சுற்றிய அறைகள் ஆண்மக்களுக்கு ஆளுக்கொன்று. பேரன் காலத்தில் பங்குதாரர் பெருகி, ஊர் ஊராகப் பிரிந்தபின், ஓடு மாற்ற யார் பணம் போடுவது? வியாபாரி கணக்கில் சொல்கிறேன்: பிரித்தெடுத்த பர்மா தேக்குத் தூணுக்குக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் கிராக்கி உண்டு, நிற்கிற வீட்டுக்கு இல்லை. இப்படிப் பல வீடுகள் தூணும் கதவுமாக விலை போயின.

மாற்று வழியும் அங்கேயே இருக்கிறது. ஆத்தங்குடியில் படப்பிடிப்புகள் நடந்த பெரிய வீட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். கானாடுகாத்தானில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாயின. "சினிமா வீடுதானே, இதுக்குப் போய் டிக்கெட்டா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் காசில்தான் ஓடு மாறுகிறது.

சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு நமக்கும் இருந்தால், அடுத்த கல்யாணத்தில் பங்காளிகள் கூடும்போது ஓடு மாற்றும் பேச்சை எடுங்கள்.