பழைய தொலைநோக்கிக்குப் புதிய லென்ஸ்: வாங்குபவரின் உரிமைகளும் கண்ணுக்கான ஆபத்தும்

லென்ஸ்களைக் கொண்டே ஒளியைக் குவித்து வானத்தைக் காட்டும் கருவி ஒளிவிலகல் தொலைநோக்கி எனப்படும். அதன் முன்முனையிலுள்ள பெரிய லென்ஸாகிய பொருளருகு லென்ஸ் விரிசல் கண்டோ பூஞ்சை படர்ந்தோ கெட்டுப்போக, குழாயும் முக்காலியும் மட்டும் நல்ல நிலையில் எஞ்சிய கருவிகள் குறைந்த விலைக்குக் கைமாறுவதுண்டு. அவற்றை வாங்கி மாற்று லென்ஸ் பொருத்திப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது பாராட்டத்தக்க பணியே. ஆனால், லென்ஸின் தரத்தைப் பளபளப்பைக் கொண்டு அறிய முடியாது. இந்தியச் சட்டம் வாங்குபவருக்கு அளிக்கும் மிக வலுவான பாதுகாப்பாகிய பொருளை மறுக்கும் உரிமையோ, பழுதுபார்ப்பின் முதல் அறுப்பிலேயே கைநழுவிப் போகக்கூடியது.

ஒற்றைக் கண்ணாடியால் ஆன லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு தூரத்தில் குவிப்பதால், நிலவின் விளிம்பில் நிறக்கோடுகள் தோன்றும். இக்குறைக்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். கிரவுன் கண்ணாடியாலான குவிலென்ஸையும் பிளின்ட் கண்ணாடியாலான குழிலென்ஸையும் இணைத்து இக்குறையைப் பெரிதும் தணிக்கும் இரட்டை லென்ஸுக்கு, லண்டனைச் சேர்ந்த ஜான் டாலண்ட் 1758இல் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறு தொலைநோக்கிகள் பெரும்பாலும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றன. ஆகவே, ‘60 மி.மீ. தொலைநோக்கி லென்ஸ்’ என்ற விற்பனைக் குறிப்பு ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. அது இரட்டை லென்ஸா அல்லது வெறும் உருப்பெருக்கிக் கண்ணாடியா, இரு கண்ணாடிகளும் ஒரே இணையாக உருவாக்கப்பட்டவையா அல்லது வெவ்வேறு கருவிகளிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டவையா, குவியத்தூரம் எவ்வளவு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது இன்றியமையாதது. லென்ஸிலிருந்து, அது தொலைப்பொருளின் பிம்பத்தைக் கூர்மையாக விழச்செய்யும் இடம் வரையுள்ள தொலைவே குவியத்தூரம் ஆகும். 700 மி.மீ. குவியத்தூரத்துக்கென அமைந்த குழாயில் 900 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், பிம்பம் 200 மி.மீ. பின்னால் தள்ளி விழுவதால் குழாயை நீட்ட வேண்டிவரும், 500 மி.மீ. லென்ஸாயின் பிம்பம் குழாய்க்குள்ளேயே விழ, குழாயை அறுக்க வேண்டிவரும்.

சட்டம் இவ்விடத்தில்தான் குறுக்கிடுகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, விவரணையைக் கொண்டு விற்கப்படும் பொருள் அவ்விவரணைக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் உட்கிடையான நிபந்தனையாகும். விற்றவர் கடைக்காரரல்லாத தனிநபராக இருந்தாலும் இது அவரைக் கட்டுப்படுத்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. 16ஆம் பிரிவு தரும் தரம் பற்றிய பாதுகாப்போ அத்தகைய பொருள்களை வணிகமாக விற்பவருக்கு எதிராகவே கிடைப்பது. அதிலும், வாங்குபவர் பொருளை நேரில் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளுக்கு அது பொருந்தாது. பொருளைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படமாட்டார் என்று 41ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் விற்றவரின் உடைமைக்கு முரணான செயலைப் பொருளின்மீது செய்தாலோ, நியாயமான காலத்துக்கு மேல் எதுவும் சொல்லாமல் வைத்திருந்தாலோ, ஏற்றுக்கொண்டதாகவே 42ஆம் பிரிவு கொள்கிறது. குழாயை அறுப்பதும் லென்ஸின் விளிம்பில் பசையிடுவதும் அத்தகைய செயல்கள் என்று வாதிட விற்றவருக்கு எளிதில் இடமுண்டு. அதன்பின் பொருளை மறுக்க முடியாது, இழப்பீடு மட்டுமே கேட்க முடியும்.

எனவே சோதனை முதலில், அறுப்பு பின்னர் என்ற வரிசை மாறலாகாது. இருட்டில் கைவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் பூஞ்சையின் நூலிழைகளும் கீறல்களும் தெரியும். தொலைவிலுள்ள தெருவிளக்கின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் வீழ்த்தி அளந்தால் குவியத்தூரம் தெரியும். குழாயோடு தற்காலிகமாகப் பொருத்தி ஒரு விண்மீனைக் குவியத்திலிருந்து சற்று விலக்கிப் பார்க்கும்போது, வளையங்கள் ஒரே மையத்தைச் சுற்றி வட்டமாக அமைந்தால் லென்ஸ் நன்று. முக்கோணமாகத் தோன்றினால் பிடிவளையம் மிகையாக இறுக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அதைத் தளர்த்திப் பார்க்காமல் விற்றவரைக் குறைகூறுவது முறையன்று. இரு கண்ணாடிகளைப் பிரிக்க நேர்ந்தால், அவை முன்பிருந்த நிலையும் திசையும் மாறாதிருக்க விளிம்பில் பென்சிலால் கோடிட்டு நிழற்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இடையிலுள்ள மெல்லிய தகட்டுத் துண்டுகளையும் தொலைக்கலாகாது.

பண இழப்பைவிடக் கொடிய ஆபத்து, பழைய பெட்டிகளில் கண்ணருகு லென்ஸோடு சேர்ந்து வரும், அதன்மீது திருகிப் பொருத்தும் கரிய ‘சூரிய வடிகட்டி’ ஆகும். பகலில் கண்மணியின் திறப்பு ஏறத்தாழ 3 மி.மீ. எனக் கொண்டால், 60 மி.மீ. லென்ஸ் அதைப்போல் 400 மடங்கு ஒளியைத் திரட்டுகிறது. ஒளி குவியும் இடத்தருகே இருக்கும் வடிகட்டி வெப்பத்தால் திடீரெனப் பிளக்கும்போது, அவ்வளவு ஒளியும் விழித்திரையில் பாய்கிறது. விழித்திரைக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் பார்ப்பவர் உடனே விலகிக்கொள்வதுமில்லை. அந்த வடிகட்டியை உடைத்தெறிவதே சரி. சூரியனைப் பார்ப்பதெனில், அதற்கெனத் தயாரிக்கப்பட்டு லென்ஸின் முன்புறம் முழுவதையும் மூடும் வடிகட்டியை உறுதியாகப் பொருத்தி, இலக்குகாட்டும் சிறு தொலைநோக்கியையும் மூடிவைக்க வேண்டும். பார்வையில் மங்கலோ கரும்புள்ளியோ தோன்றினால் தாமதமின்றிக் கண் மருத்துவரை அணுக வேண்டும். இத்தகைய சேதத்தை உறுதியாகக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை.

வணிகரிடம் வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணைநிற்கிறது. மீளமைக்கப்பட்ட அல்லது பயன்படுத்தப்பட்ட பொருளைப் புதியதென விற்பதை அச்சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறையாக வரையறுக்கிறது. 60 மி.மீ. கருவியின் பெட்டியில் ‘525 மடங்கு’ என அச்சிடுவதும் கேள்விக்குரியதே: 700 மி.மீ. குவியத்தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் 4 மி.மீ. குவியத்தூரத்தால் வகுத்து, உருப்பெருக்கத்தை மும்மடங்காக்கும் பார்லோ என்னும் துணை லென்ஸுக்காக மூன்றால் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். ஆனால் பயனுள்ள உருப்பெருக்கம், விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்ற பொதுக்கணக்குப்படி 120ஐத் தாண்டுவதில்லை. குறை கண்டவர் முதலில் விற்றவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இணையவழி விற்பனை நிறுவனத்தின் குறைதீர் அலுவலர், 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதில் பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும், பின்னர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையும் நாடலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், வாங்கியவர் தம் வசிப்பிடத்து ஆணையத்திலேயே வழக்கறிஞர் இல்லாமலும் முறையிடலாம். செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. விற்பனை விளம்பரத்தின் படிமம், ரசீது, உரையாடல், பிரிக்கும் முன் எடுத்த நிழற்படம் ஆகியவையே அங்கு சான்றுகள்.

மீளமைப்பவர் தம்மைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. தீங்கு நேரும் வேளையில் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால், விற்றவர்மீது பொருட்பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்று இதே சட்டத்தின் 87ஆம் பிரிவு கூறுகிறது. விற்பனைக்காகப் பொருளை மறுவுற்பத்தி செய்பவரையோ அச்சட்டம் உற்பத்தியாளர் வரையறைக்குள்ளேயே சேர்க்கிறது. ஆகையால், சீரமைத்த தொலைநோக்கியைப் பள்ளிக்கோ பிறருக்கோ கொடுப்பவர், எந்த லென்ஸ் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது, அதன் விட்டமும் குவியத்தூரமும் எவ்வளவு, முன்வடிகட்டியின்றிச் சூரியனை நோக்கித் திருப்பலாகாது ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் குழாயிலேயே ஒட்டித்தர வேண்டும்.