கடைசல் உளிக்கு எந்தச் சாணை?

கால் மீட்டர் விட்டமுள்ள மரக்கிண்ணம் ஒன்றை லேத்தில் மாட்டி, நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடவிட்டுக் கடைவதாக வைத்துக்கொள்வோம். விளிம்பில் உளி பட்டிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் 600 மீட்டருக்கு மேல் மரம் அதன் வாயை உரசிக்கொண்டு போகிறது. பத்தே நிமிடத்தில் ஆறு கிலோமீட்டர். மரம் தேக்காக இருந்துவிட்டால் இன்னும் மோசம். தேக்குக்குள் இயல்பாகவே சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. கடைசல் உளி மற்றத் தச்சு உளிகளைவிடச் சீக்கிரம் மழுங்குவது இதனால்தான். ஒரு கிண்ணம் முடிவதற்குள் நாலைந்து முறை சாணைக்குப் போவது சாதாரணம்.

புதிதாகக் கடைசல் பழகுகிறவர்கள் சாணை வாங்கப் போனால் முதலில் கேட்பது கல்லைப் பற்றி. நான் முதலில் பார்க்கச் சொல்வது, உளியைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பை. நல்ல கல்லும் மோசமான தாங்கியும் இருந்தால் உளி பாழாகும். சுமாரான கல்லும் அசையாத தாங்கியும் இருந்தால் வேலை நடக்கும். போன முறை வைத்த அதே கோணத்தில் இந்த முறையும் உளி கல்லில் உட்கார்ந்தால், ஐந்தாறு நொடியில் கூர் வந்துவிடும். கோணம் ஒரு டிகிரி மாறினாலும் நாம் செய்வது சாணை பிடிப்பதல்ல, உளிக்குப் புது வடிவம் கொடுப்பது. இரும்பு வீணாகக் கரையும். சாய்முகத்தில் பட்டை பட்டையாக இரண்டு மூன்று முகங்கள் விழும். கடையும்போது அந்தச் சாய்முகம் மரத்தின்மேல் ஊன்றி நகர வேண்டும். பல முகங்கள் இருந்தால் உளி துள்ளும், வெட்டு அலை அலையாக வரும்.

சாய்வுளி, சுரண்டும் உளி, அறுக்கும் உளி ஆகியவற்றுக்கு ஒரு நல்ல சமதளத் தாங்கி போதும். சுரண்டும் உளிக்கு 70 முதல் 80 டிகிரி, சாய்வுளிக்கு இரு பக்கமும் சேர்த்து 25 முதல் 40 டிகிரி என்று தாங்கியைப் பூட்டிவிட்டால் தீர்ந்தது. சிக்கல் கிண்ணம் கடையும் நகவுளியில்தான். அதன் இரு சிறகுகளும் பின்னோக்கி நீண்டிருக்கும். சாணை பிடிக்கையில் உளியைச் சுழற்றவும் பக்கவாட்டில் வீசவும் உயர்த்தவும் ஒரே நேரத்தில் கை பழகியிருக்க வேண்டும். இந்த வடிவத்தைப் பரப்பியவர்களில் அமெரிக்காவின் டேவிட் எல்ஸ்வொர்த்தும் அயர்லாந்தின் லியம் ஓநீலும் முக்கியமானவர்கள். வெறுங்கையால் இதைச் செய்யும் தேர்ந்த கைகள் உண்டு. மற்றவர்களுக்கு ஜிக், அதாவது உளியைப் பூட்டி ஒரே கோணத்தில் பிடிக்கும் கருவி, வேண்டும். கனடாவின் ஒன்வே நிறுவனம் செய்யும் வுல்வரின் அமைப்பும், அதே மாதிரியில் வந்த மற்றவையும் இந்த வேலைக்கானவைதான்.

ஜிக்கின் சூட்சுமம் சில அளவுகளில் அடங்கியிருக்கிறது: உளி ஜிக்கிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, ஜிக்கின் கால் எந்தச் சாய்வில் பூட்டப்பட்டிருக்கிறது, அந்தக் கால் ஊன்றும் குழி கல்லிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது. நீட்சிக்கு ஒரு மரக்கட்டையில் 45 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு வைத்துக்கொண்டால், உளியை அதில் முட்டவைத்துத் திருகை இறுக்கினால் போதும். ஸ்கேல் தேட வேண்டியதில்லை. கோணம் சரிதானா என்று பார்க்க மார்க்கர் பேனா உதவும். சாய்முகம் முழுவதும் மையைத் தடவி, மோட்டாரை ஓட்டாமல் கல்லைக் கையால் அரைச் சுற்று சுற்றிப் பார்க்கலாம். மை கூர்ப்பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். அடிப்பக்கம் மட்டும் அழிந்தால் குறைவு. மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக அழிந்தால் மோட்டாரைப் போடலாம்.

அடுத்தது வேகம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பெஞ்ச் கிரைண்டர்களில் பல நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்று ஓடுபவை. 1,440 சுற்று ஓடும் எட்டு அங்குல இயந்திரம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கைக்கு நிதானம் கிடைக்கும், இரும்பும் குறைவாகத் தேயும். சூடு பற்றிய பயம் உளியின் இரும்பைப் பொறுத்தது. பழைய கார்பன் இரும்பு உளியில் நீலம் ஏறிவிட்டால் டெம்பர் போய்விட்டது என்றே பொருள். அந்தப் பகுதியைத் தேய்த்துத் தள்ளத்தான் வேண்டும். இன்று விற்கும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளிகள் ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸில் டெம்பர் செய்யப்பட்டவை. 300 டிகிரியில் தோன்றும் நீலம் அவற்றை ஒன்றும் செய்யாது. ஆனால் சூடேறிய எச்.எஸ்.எஸ். உளியைத் தண்ணீரில் முக்காதீர்கள், வாயில் நுண்ணிய விரிசல் விழக்கூடும்.

கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கல் பொதுவாகக் கெட்டியானது, உளிக்குச் சரிப்படாது. வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் ஒன்று, 60 அல்லது 80 கிரிட்டில், ஜே அல்லது கே கடினத்தில் வாங்கலாம். கல்லின் மேல் ஒட்டிய சீட்டில் இவை குறிக்கப்பட்டிருக்கும். 1954-ல் சென்னையில் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல், நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சாணைக்கற்களைச் செய்கிறது. எந்தக் கல்லானாலும் மாட்டுவதற்கு முன் விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். சத்தம் செத்து ஒலித்தால் உள்ளே விரிசல். அதை மாட்டவே கூடாது. மாட்டியபின் முதல் ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள்.

பணம் இடம்கொடுத்தால் சி.பி.என். சக்கரம். 1957-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய கியூபிக் போரான் நைட்ரைடு, கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கிறது. இதன் பெரிய லாபமாக நான் நினைப்பது ஆயுளை அல்ல. வெள்ளைக்கல் தேயத் தேய எட்டு அங்குலம் ஏழாகும். ஜிக்கின் அளவுகளெல்லாம் நகரும். சி.பி.என். சக்கரத்தின் விட்டம் மாறுவதில்லை, இன்று பூட்டிய அளவு நாளையும் செல்லும். பதப்படுத்தாத மெதுவான இரும்பை மட்டும் அதில் தேய்க்கக் கூடாது, துகள்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும்.

சுவீடனின் டோர்மெக் போன்ற தண்ணீர்ச் சாணை நிமிடத்துக்கு 90 சுற்றுதான் ஓடும். கூர் அருமையாக வரும், சூடே ஏறாது. ஆனால் வடிவம் மாற்றப் பொறுமை வேண்டும். வீட்டுக் கத்தி, இழைப்புளித் தகடு எல்லாவற்றையும் ஒரே இயந்திரத்தில் தீட்ட நினைப்பவருக்கு இது பொருத்தம். ஷெஃபீல்டின் ராபர்ட் சோர்பி செய்யும் பெல்ட் சாணையும் நல்லதுதான், சாய்வுளிக்கு மிக நல்லது. மரம் தேய்த்த பெல்ட் சாண்டரை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தேங்கிய மரத்தூளில் தீப்பொறி விழுந்தால் உடனே தெரியாது, பட்டறையைப் பூட்டிப் போன பிறகு புகையும்.

சி.பி.என். சக்கரம் தருவிப்பவர்கள் கிரைண்டர் தண்டின் விட்டத்தைக் காலிப்பரால் அளந்துவிட்டு எழுதுங்கள். அரை அங்குலம், ஐந்தெட்டு அங்குலம், 16 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் என்று இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். துளை கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் சக்கரம் தள்ளாடும், அந்தத் தள்ளாட்டத்தை எந்த ஜிக்காலும் சரிசெய்ய முடியாது.