துயிலெழும் கணிப்பொறி

விடுதியில் காலை மணி அடித்ததும் நடப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் விளக்கு எரிகிறது. அடுக்களையில் அடுப்பு மூட்டப்படுகிறது. தொட்டியில் நீர் நிறைகிறது. பின்னரே நாம் வரிசையாகச் செல்கிறோம். நீர் நிறையுமுன் வாளியோடு ஓடினால் என்ன கிடைக்கும்? வெறும் வாளிதான்! உறங்கிய கணிப்பொறி விழித்தெழுவதும் இத்தகையதே.

உறக்கம் வேறு, அணைப்பு வேறு. கணிப்பொறி உறங்கும்போது திரையும் வட்டும் விசிறியும் ஓய்கின்றன. நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கிறது. அதனால்தான் விட்ட இடத்திலிருந்தே வேலையைத் தொடர முடிகிறது. எழுப்பும் விசையைக் கவனிக்கும் பகுதியும் அரைக்கண் திறந்தபடி காத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் நடத்துவது யார்? இயக்க அமைப்பின் மையப் பகுதியாகிய கெர்னல். 1996-இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்னும் விதிமுறை, கருவிகளின் மின்நிலைகளை டி-0 முதல் டி-3 வரை வகுத்தது. டி-0 முழு விழிப்பு. டி-3 ஆழ்ந்த உறக்கம்.

உறங்கப் போகும்போது கடைசியில் இணைந்த கருவி முதலில் உறங்கும். அதைத் தாங்கும் இணைப்புப் பாதை பிறகு உறங்கும். விழிக்கும்போது இம்முறை தலைகீழாகிறது. பாதை எழுந்த பின்பே அதனோடு இணைந்த கருவி எழ வேண்டும். அதன் பின்னும் அவசரம் கூடாது. பி.சி.ஐ. வகைக் கருவி டி-3 நிலையிலிருந்து எழுந்தால், கெர்னல் பொதுவாக 10 மில்லி வினாடி, அதாவது ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு, பொறுத்திருக்கிறது. பிறகு, உறங்குமுன் குறித்துவைத்த அமைப்புகளைக் கருவியில் மீண்டும் எழுதுகிறது. அதற்குமுன் கேள்வி கேட்டால் பொருளற்ற விடையே வரும். சில வேளை பொறியே உறைந்து நின்றுவிடும்.

இதே கடமை வானிலும் உண்டு. 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திரவ எரிபொருள் இயந்திரங்களை உருவாக்கிய மையத்துக்கு அப்போது இயக்குநராக இருந்தவர், நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளையில் பிறந்த திரு. வி. நாராயணன். அவர் 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார்.

நிலவின் இரவு நம் கணக்கில் ஏறத்தாழ 14 நாள். அது நெருங்கவே, செப்டம்பர் 2-இல் பிரக்யான் ஊர்தியும் 4-இல் விக்ரம் கலமும் உறங்க வைக்கப்பட்டன. ஆய்வுக் கருவிகள் அணைக்கப்பட்டன, மின்கலம் நிறைக்கப்பட்டது, செய்தி வாங்கும் கருவி மட்டும் விழித்திருந்தது. செப்டம்பர் 22-இல் விஞ்ஞானிகள் அழைத்தார்கள். பதில் வரவில்லை. ஒரு பகலுக்கென அமைத்த கலங்கள் அக்கடுங்குளிரைத் தாங்கவில்லை. ஆயினும் தம் பணியை முடித்து, கண்டறிந்தவற்றைப் பூமிக்கு அனுப்பிய பிறகே அவை கண்ணயர்ந்தன. ஜப்பானின் ஸ்லிம் கலமோ, அத்தகைய இரவைக் கடந்து 2024 பிப்ரவரியில் விழித்தது!

தோழியரே, இதில் நமக்கொரு பாடமுண்டு. உறங்கும் கணிப்பொறிக்கு வரும் மின்சாரம் அறவே நின்றால், நினைவகத்தில் இருப்பது அழிந்துவிடும். ஆகவே எழுதியதைச் சேமித்த பிறகே எழுந்திருங்கள். அது விழிக்கும்போது விசைகளைப் படபடவென்று தட்டாதீர்கள். ஒரு நொடி பொறுங்கள். உள்ளே ஒவ்வொருவராக எழுந்துகொண்டிருக்கிறார்கள்!