ரெண்டு பெட்டி வித்தியாசம்!

திருவொற்றியூர் தேரடி டீக்கடையில் நண்பன் ஒரு மெமோவை நீட்டினான். ஃபேக்டரி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷன், நைட் ஷிஃப்ட்.

'ஒன்பது நாள் கணக்குப்படி பகல் ஷிஃப்ட் சராசரி 52 பெட்டி. இரவு ஷிஃப்ட் 50. விளக்கம் தேவை. அதுவரை இன்சென்டிவ் கிடையாது.'

"ரெண்டு பெட்டிக்கு ஒரு மாச இன்சென்டிவா மச்சி? பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்டா" என்றான்.

பி.காம்.மில் தட்டுத்தடுமாறி பாஸ் பண்ணிய ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் முதன்முறையாக உதவிக்கு வந்தது.

52 பெரிதா, 50 பெரிதா என்பதல்ல கேள்வி. அதை எல்.கே.ஜி. குழந்தையே சொல்லிவிடும். ஒரே ஷிஃப்டிலேயே எண்ணிக்கை நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் க்யூ கட்டினால் அட்டை வந்து சேராது, அன்றைக்கு 44. மறுநாள் 56. இந்த ஆட்டத்தை அளப்பதற்குப் பெயர் திட்டவிலக்கம். இரண்டு ஷிஃப்டுக்கும் அது சுமார் 6.

இனி கணக்கு. குற்றம் சாட்டப்பட்டவரை நிரபராதி என்று வைத்துத்தானே கோர்ட் ஆரம்பிக்கிறது? அதே மாதிரி, 'நிஜத்தில் வித்தியாசமே இல்லை' என்று வைத்துக்கொள்ளுங்கள். 6-ன் வர்க்கம் 36. ஒன்பது நாளால் வகுத்தால் 4. இரண்டு ஷிஃப்டுக்கும் சேர்த்து 8. அதன் வர்க்கமூலம் 2.83. தற்செயலாகவே சராசரிகள் இந்த அளவுக்கு விலகுவது சகஜம். நம்ம வித்தியாசம் வெறும் 2. அதை 2.83-ஆல் வகுத்தால் 0.7. குற்றம் நிற்க இது சுமார் 2-ஐத் தாண்டவேண்டும். தாண்டவில்லை. கேஸ் தள்ளுபடி!

சின்ன சாம்பிளுக்கான இந்த வழிக்கு 1908-ல் அஸ்திவாரம் போட்டவர் கின்னஸ் பீர் கம்பெனியில் வேலை பார்த்த காஸெட். 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். பீரிலும் நல்லது உண்டு!

அதே ரெண்டு பெட்டி நூறு நூறு நாள் பார்த்தும் நீடித்தால் விடை 2.36. கேஸ் நிற்கும். அப்போதும் ஒரு கேள்வி பாக்கி: வித்தியாசம் நிஜம்தான், அதனால் என்ன?

இதற்கு நம்ம ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடும் ஓய்வுமாக. மறுபாதி நெரிசலான வீட்டிலேயே. மருந்து ஒன்றுதான். சராசரி எடை சானடோரியத்தில்தான் அதிகம் ஏறியது. அது நிஜ வித்தியாசம். ஆனால் ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் அங்கே 92 சதம், வீட்டில் 86. இந்தச் சின்ன இடைவெளி தற்செயலாகவே வரக்கூடியது. எடை ஏறியது வேறு, நோய் அடங்கியது வேறு! 1959-ல் முடிவு வெளியானது. ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைக்காத ஏழைக்கும் வீட்டிலேயே வைத்தியம் என்பது உலகெங்கும் பரவ அது வழிவிட்டது.

எல்லாவற்றையும் பேப்பரில் எழுதிக் கொடுத்தேன். நண்பன் முகம் மலர்ந்தது.

"அப்ப, நான் ஒழுங்கா வேலை செய்யறேன்னு கணக்கு சொல்லுதா?"

"இல்லடா. நீ சோம்பேறின்னு சொல்ல ஆதாரம் பத்தலைன்னு சொல்லுது."

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தான்.

"அது போதும் மச்சி!"